பெருங்கடல் இல்லாத விரால்

2025 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ராஜபாளையத்தில் என் அத்தை நடத்தும் மீன்கடையில், சென்னையிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு விராலின் தலையைத் தொட்டார். தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பையில் கைபேசியைத் தேடப் போனார். அன்றைய பொழுது கெட்டது அந்தத் தொடுதலில்தான்.

அவர் வந்த காரணம் ஒரு முத்திரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஓர் உணவகம் நாள்தோறும் எங்களிடமே மீன் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. கடையில் பசுமை முத்திரை இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. கடல்வளத்தை அழிக்காமல் பிடித்த மீன் இது, இன்ன படகில், இன்ன வலையில், இன்ன துறையில் வந்தது என்று உண்பவருக்கு உறுதி சொல்வது அந்த முத்திரையின் வேலை. மேற்கு மலையைப் பார்த்துக் கிடக்கும் எங்கள் ஊருக்குக் கடல் தூத்துக்குடி லாரியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் வருகிறது. வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்டறிந்த ஒரே வரலாறு, "இன்னைக்கு வந்ததா, நேத்து வந்ததா?" என்பது. அத்தை எல்லா நாளும் ஒரே பதிலைச் சொல்வார்.

அந்த உணவகத்தின் கொள்முதல் அத்தைக்கு உயிர்நாடி. வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தது. ஓசூரில் இருக்கும் மகன், "கடைய மூடிட்டு இங்க வந்துருங்கம்மா, ஹால்ல பெரிய டிவி இருக்கு" என்று வாரந்தோறும் அழைத்துக்கொண்டிருந்தான். அத்தைக்கு மகன் மேல் பிரியம் உண்டு. அந்த டிவியின் மேல் மட்டும் சொல்லிமாளாத பயம்.

முதுகலைத் தமிழ் படிக்கும் எனக்கும் இந்த முத்திரைத் திட்டத்தில் ஒரு வேலை இருந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய க்யூஆர் கட்டக்குறியை ஸ்கேன் செய்தால் மீனின் கதை தமிழில் விரிய வேண்டுமாம். அதை நான் எழுதவேண்டும். முதலில் வந்த வஞ்சிரத்துக்கு, "இம்மீன் முந்தாநாள் இறந்தது. அதன்பின் குளிரில் வைக்கப்பட்டுள்ளது" என்று எழுதியனுப்பினேன். உணர்ச்சி போதவில்லை என்று முத்திரைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை "நீலத்தின் மடியில்" என்று தொடங்கினேன், உடனே ஏற்றுக்கொண்டார்கள். அன்றுமுதல் எல்லா மீனும் அந்த மடியிலிருந்தே வருகிறது.

முத்திரையின் விதிகளுள் ஒன்றைத்தான் அத்தை மனப்பாடம் செய்திருந்தார்: கடை இருப்பில், பிறப்பிடம் பதியப்படாத மீன் ஒன்று இருந்தாலும் முத்திரை கிடையாது. ஆகவே, ஞாயிறுதோறும் மொபெட்டில் டிரம் கட்டிக் கண்மாய் விரால் கொண்டுவரும் கூமாப்பட்டிக்காரரிடம், இந்த வாரம் வரவேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார். அவர் விடிந்ததும் வந்து நின்றார்.

"வராதன்னு சொன்னேன்லடா?"

"சொன்னீக யக்கா. என்னைக்கும் அப்பிடிச் சொல்லாதவிய சொல்லுதாகளே, மேலுக்குச் சொகமில்லையோன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அந்த டிரம் எதுக்கு?"

"வாரது வாரோம், வெறுங்கையாவா வர?"

அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் அவருக்காகவே காத்திருந்தவர்கள் டிரம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். விரால் அனைத்தும் விற்றுத் தீர்ந்தது, ஒன்றைத் தவிர. தொட்டியில் விட்டிருந்த அந்த ஒன்றின் தலையைத்தான் தணிக்கையாளர் தொட்டார். பிடிபட்ட தண்ணீர் வரை தடம் பிடித்துக் காட்ட, அவர் தம் விருப்பப்படி தேர்ந்துகொண்ட சோதனை மாதிரி அது.

எங்கள் கடையில் வாய் திறந்து வாங்குபவர் குறைவு. தொட்ட மீன் தொட்டவருடையது. அடுத்தவர் அதைக் கேட்கமாட்டார். வெட்டுகிறவருக்கு யாரும் சொல்லவும் வேண்டியதில்லை. தணிக்கையாளர் கைபேசியோடு திரும்பியபோது, மீன் வெட்டும் அண்ணாச்சி விராலுக்குச் சாம்பல் தேய்த்து, உரித்து, துண்டு போட்டு முடித்திருந்தார்.

"சார், தலைய ரெண்டாப் பிளக்கவா, முழுசா இருக்கட்டா?"

தணிக்கையாளர் தொட்டியைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார். பிறகு, "அது சாம்பிள்" என்றார்.

"சாம்பிளும் கொழம்புக்கு நல்லாத்தான் இருக்கும் சார்."

வேறொரு மீனை எடுத்துக்கொள்ளுமாறு அத்தை கெஞ்சினார். மாதிரியை மாற்ற விதியில் இடமில்லை என்றார் அவர். எடுத்துக்காட்டாக ஒரு வஞ்சிரத்தை மட்டும் ஸ்கேன் செய்து காட்டினார். படகு, படகோட்டி, வலை, கரைசேர்ந்த நேரம், எல்லாம் பச்சை நிறத்தில் வந்தன. அடுத்த பெட்டியின் பாறை மீனையும் அதே நாளில், அதே நேரத்தில், அதே படகுதான் கொண்டுவந்திருந்தது. ஆனால் வேறொரு துறையில். நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

"சிஸ்டம் ஏத்துக்கிச்சுல்ல?" என்றார்.

ஏற்றுக்கொண்டிருந்தது.

பிறகு விராலின் விசாரணை தொடங்கியது. பிடித்தவரே எதிரில் நின்றார். சட்டைக் கைகள் இன்னும் காயவில்லை.

"படகுப் பேரு?"

"படகு ஏது சார்? லாரி ட்யூபுல படுத்துக்கிட்டே போயி வலை வைப்போம்."

"அதுக்குப் பதிவெண்?"

"லாரிக்கு இருந்துச்சு சார். ட்யூபுக்கு ஒட்டுதான் இருக்கு."

தணிக்கையாளர் கைபேசிச் செயலியில் அந்தக் கட்டத்தைக் கடந்து அடுத்ததற்குப் போனார். எந்தப் பெருங்கடல் என்று செயலி கேட்டது. அதைச் சொல்லாமல் மேலே நகராது. பசிபிக் இருந்தது, அட்லாண்டிக் இருந்தது, மனிதர் குடியேறாத அண்டார்டிக்காவைச் சுற்றிய தண்ணீர்கூட இருந்தது. கூமாப்பட்டிக் கண்மாய் இல்லை.

"இந்தியப் பெருங்கடல்னே போடுங்க சார்" என்று உதவ முன்வந்தார் கூமாப்பட்டிக்காரர். "மறுகால் பாஞ்சா தண்ணி கடைசியில அங்கதான போகுது?"

"மீன் இன்னும் போகலையே" என்றார் தணிக்கையாளர், வருத்தத்துடன். அவர் கெட்டவரல்லர்.

அத்தை என்னை ஓரமாக இழுத்தார். "ஏட்டி, நீதான எழுதுறவ? ஒரு கடலப் போட்டு முடியேன். அம்புட்டு மீனுக்கும் மடி, மடின்னு எழுதுனல்ல?"

நியாயமான கேள்வி. ஆனால் வஞ்சிரம் ஏதோ ஒரு நீலத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்ற அளவுக்கு அந்த வரியில் உண்மை இருந்தது. கல்லூரியில் நாங்கள் பாடுபொருளும் காலமும் தெரியாத, எழுதியவர் பெயரும் மறைந்துபோன பாடல்களைப் படிக்கிறோம். தெரியாத இடத்தில் தெரியாது என்று அடிக்குறிப்பு இடுவதே முறை. இங்கோ எல்லாம் தெரிந்திருந்தது. எழுதத்தான் கட்டம் இல்லை. எனக்குக் கை வரவில்லை என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஓசூரின் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை விரால் துண்டுகளைச் சட்டியில் வாரிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் போனார். தணிக்கையாளர் எடைத்தராசையும் பனிக்கட்டியின் குளிரையும் சோதித்துக்கொண்டிருந்தபோது, புளியும் மிளகாயும் கொதிக்கும் வாசனை கடைக்குள் வந்தது. அவர் வெப்பமானியை இருமுறை தவறாகப் படித்தார்.

மதியம் தணிக்கையாளருக்கு இலை போட்டாயிற்று.

"ஆச்சி, இது முறையில்ல. அது சாம்பிள்."

"இருப்புல இருந்தாத்தான தம்பி கேள்வி? இப்ப எங்க இருக்கு? கொழம்புல கெடக்கு."

அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். குழம்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில், "மிச்சம் இருந்தா, அதுவும் இருப்புதான்" என்றார்.

"அப்ப மிச்சம் வைக்காதீக."

அவர் வைக்கவில்லை. கடமை உணர்ச்சியோடு தொடங்கினார். தலையை உறிஞ்சும் கட்டத்தில் கடமை எது, பசி எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கூமாப்பட்டிக்காரர் வாசலில் நின்றபடி, "கன்னத்துச் சதைய விட்டுட்டீகளே சார்" என்று எடுத்துக்கொடுத்தார். கைகழுவியபின் தணிக்கையாளர் செயலியில், "மாதிரி, சோதனையின்போது தீர்ந்துவிட்டது" என்று பதிந்தார். கட்டம் பச்சையானது. படகிலிருந்து தட்டு வரை என்பது அத்திட்டத்தின் முழக்கம். எங்கள் கடையில் தட்டு வரையிலான பாதிக்கு அவரே நேர்ச்சாட்சி.

மாலையில் முத்திரை கைபேசிக்கு வந்தது, ஒரு நிபந்தனையோடு: இனி முன்னறிவிப்பின்றி ஆள் வரும், கடை எல்லைக்குள், அதாவது ஷட்டருக்கு உட்புறம், பதிவில்லாத மீன் இருந்தால் முத்திரை பறிபோகும். அத்தை முதலில் சிரித்தார், பிறகு கூமாப்பட்டிக்காரரை நினைத்துக்கொண்டார். "இன்னொரு மட்டம் வராதன்னா, அவன் டாக்டரக் கூட்டிட்டு வந்துருவான்."

அப்போது உணவகக்காரர் அழைத்தார். முத்திரைக்கு வாழ்த்துச் சொன்னார். முதல்நாளுக்கான வஞ்சிரமும் பாறையும் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆச்சி, அது ஓட்டலுக்கு. எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கெழம ரெண்டு விரால் வேணும். உசுரோட. கெடைக்கும்ல?"

அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஷட்டரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, முத்திரையை அச்செடுத்து வந்து கண்ணாடியில் ஒட்டினேன். தண்ணீர்த் தொட்டியை இழுத்து ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு வெளியே, கடைசிப் படியில் வைத்தேன். ஷட்டரை ஒருமுறை முழுவதும் இறக்கி, தொட்டி வெளியில்தான் நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். அதன்மேல் ஒரு சிலேட்டைச் சாய்த்து, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்காக எழுதினேன்: "விரால். கூமாப்பட்டிக் கண்மாய். ஒட்டுப்போட்ட லாரி ட்யூபில் போய்ப் பிடித்தது. பிடித்தவர் இங்கேயே நிற்பார், கேட்கலாம். பெருங்கடல்: இல்லை."