ராஜவேலு பிரிக்காத எஞ்சின்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ராஜவேலுவுக்கு அமெரிக்க கார்கள் அத்துப்படி என்று ஊரே நம்பியது. உண்மையில் அவன் பிரித்துப் பார்த்தது ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே. அதை யாரிடமும் சொன்னதில்லை.

1974இல் அபிதகுசாம்பாள் அவனைத் தேடி வந்தார். டாக்சி ஓட்டிய கணவர் இறந்தபின், டிரைவர் வைத்துக் கல்யாண வாடகைக்கு விட ஒரு பெரிய கார் வேண்டும் என்றார். வேலூரில் ஒரு ஷெட்டில் இரண்டு கார்கள் விலைக்கு நின்றன. ஐம்பத்து நாலாம் வருஷத்துப் பிளிமத், ஆறு சிலிண்டர், நூறு குதிரைத்திறன். ஐம்பத்தைந்தாம் வருஷத்துச் செவர்லே, எட்டு சிலிண்டர், நூற்று அறுபத்திரண்டு.

ராஜவேலு இரண்டிலும் கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் பார்த்தான்; குறைந்தால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். செவர்லேயில் எட்டும் நூற்று நாற்பது பவுண்டுக்குக் குறையவில்லை. பிளிமத்தில் இரண்டு சிலிண்டர் எழுபதைத் தாண்டவில்லை. எது நல்ல வண்டி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் செவர்லே ஆரணிக்கு வந்தால், என்றாவது அதை அவன்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

“எதுப்பா எடுக்கலாம்?”

“பிளிமத்தே எடுங்கக்கா. எட்டு சிலிண்டரு ஜல்தியா சூடாயிடும். அப்புறம் பேஜாரு.”

“நீ சொன்னா சரிதான்” என்றார் அவர்.

செவர்லேயைக் கலசப்பாக்கம் வேணுகோபால் வாங்கிப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து, அபிதகுசாம்பாளின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வண்டி எங்கே நின்றுவிடுமோ என்ற பயத்தில் ராஜவேலுவும் அவருடன் வண்டியில் போனான். சந்தவாசலுக்கு அப்பால் ஒரு மேட்டில் பிளிமத் திணறி நின்றது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். அந்த நேரத்தில் பின்னால் வந்தது வேணுகோபாலின் செவர்லே. ஏற்கெனவே நாலு பேர் இருந்தும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அலட்டாமல் மேடேறிப் போனது.

“எவன் பாத்து வாங்கிக் குடுத்தான் இந்த வண்டிய?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“எங்க ராஜவேலு பாத்து வாங்கினது. அவன்மேல தப்பில்ல. வண்டிக்கு வயசாயிடுச்சி” என்றார் அபிதகுசாம்பாள்.

பானட்டுக்குள் குனிந்திருந்த ராஜவேலு தலையைத் தூக்கவில்லை. அந்த மனிதர் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டான். அபிதகுசாம்பாள் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

“தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கா உனுக்கு அவ்ளோ கஷ்டம்?” என்று மட்டும் கேட்டார்.

பிளிமத்தை அவனே பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்து கொடுத்தான். அவரும் வேறு பட்டறைக்குப் போகவில்லை. ஆனால் எந்தப் பழுதென்றாலும், வேலையாட்கள் எதிரிலேயே கேட்பார்: “தெரிஞ்சி சொல்றியா, தெரியாம சொல்றியா?”

ஒவ்வொரு முறையும் அவன் காது சூடாகும்.

1983இல் அவர் பிளிமத்தை விற்றுவிட்டு டீசல் அம்பாசடர் வாங்கினார். முதல் பழுதுக்கே பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவர் கேட்கும்முன் ராஜவேலு சொன்னான்:

“டீசல் எனுக்குத் தெரியாதுக்கா. வேலூருக்கே எடுத்துகினு போங்க.”

அவர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.