யார் வெள்ளைக்காரன்?

தலை நரைத்த பிறகும் எனக்கும் என் சிநேகிதனுக்கும் இருந்த ஒரே சண்டை, யார் வெள்ளைக்காரன் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பசுமலையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரல் உயரச் சிப்பாய்ப் பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆடுவோம். பாலைவனத்தில் ஒரு மண்கோட்டை. உள்ளே அந்த மண்ணின் ஆட்கள், வெளியே பீரங்கியோடு வெள்ளைக்காரப் பட்டாளம். "செத்தாலும் அந்தப் பக்கம் நிக்க மாட்டேன்" என்று நான் கத்துவேன். அவன் என்னோடு படித்தவன், எழுமலைக்காரன். சிரித்துக்கொண்டே சிவப்புச் சட்டைக்காரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

"ஒருத்தனாச்சும் வெள்ளக்காரனா இருந்தாத்தான மாப்ள ஆட்டம்? கோட்டைய நீயே வச்சுக்க."

கோட்டை என்று ஒன்று இருந்தால்தானே! இரண்டு செருப்பு டப்பாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தோம். பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது அவன் பொறுப்பு. பூதக்கண்ணாடி வைத்துச் சட்டைப் பொத்தானுக்குக்கூடப் புள்ளி வைத்திருந்தான். கோட்டை என் பொறுப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்தேன்.

பிறகு சர்க்கரை அவன் கண்ணில் இறங்கியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஒரு கண் போயே போய்விட்டது. மற்றதும் அதிக நாள் தாங்காது என்று போனில் சொன்னான்.

"நம்ம பயலுகள ஒரு தடவ கோட்டையோட பாத்துரணும் மாப்ள. அம்புட்டுத்தான்."

லீவு போட்டேன். ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோலை அறுத்து ஒரு வாரத்தில் சுவர், கொத்தளம், வாசல் எல்லாம் ஒட்டி முடித்தேன். கடைசியில் புத்தி கெட்டுப்போய், பிரஷ்ஷில் பூசினால் நேரமாகும் என்று, பைக்குக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரே பெயின்டை அடித்தேன். அடித்த இடமெல்லாம் பொத்தல் விழுந்து, சுவர் என் கண்ணெதிரே உருகிச் சுருண்டது. தெர்மாகோலில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனிடமும் போனில் நடந்ததைச் சொன்னேன். மறுபடி கட்ட மூன்று வாரம் ஆனது. இந்தத் தடவை பசையில் வைகை மணலைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, பிரஷ்ஷிலேயே வர்ணம் தீட்டினேன். எழுமலைக்குக் காரில் கொண்டுபோனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"நாலு நாளாச்சுண்ணே. வெளிச்சங்கூடத் தெரியலங்கறாரு. சொன்னா நீங்க அவசரத்துல மறுபடி கெடுத்துப்புடுவீகன்னு சொல்ல விடல."

கோட்டையை அவன் முன்னால் வைத்தேன். சுவரை விரலால் தடவினான். "மணலு போட்ருக்கியா? நல்லாருக்குடா" என்றான்.

பொம்மைகளை நிறுத்தினேன். சிவப்புச் சட்டைக்காரர்களை என் பக்கம் வைத்தேன். "இன்னைக்கி நான்தான் வெள்ளக்காரன். கோட்டை ஒனக்கு."

அவன் கை வாசலுக்குள் போய் ஒருவனைத் தட்டிவிட்டது. அவனை எடுத்து நிறுத்தப் பார்த்ததில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எவன் எங்க நிக்கிறான்னே தெரியல மாப்ள. ரெண்டு பக்கமும் நீயே ஆடிரு."

பகடையை உருட்டினேன்.

"எம்புட்டு விழுந்துச்சு?"

ஆறு என்றேன். யாருக்கு ஆறு என்று அவன் கேட்கவில்லை.