அமிர்தம் வாங்கச் சொன்ன இசைத்தட்டு

ஈரத்தாள் சுருளைப் பிரித்து, முளைத்த நெல்லை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கிறார் அமிர்தம். வேர் குட்டையாக இருப்பது ஒரு பக்கம், குருத்து சுருண்டது இன்னொரு பக்கம். நூற்றுக்கு எண்பது ஒழுங்காக முளைத்தால்தான் அந்த விதைநெல் தேறும். எழுபத்தொன்பது வந்தால் முதலிலிருந்து எண்ணுவார். ஒன்றைக் கூட்டிப் போட மாட்டார். ஒரு காதில் மட்டும் ஒயர் தொங்கும். அதில் டிரம்ஸும் கிதாரும் அதிர்வது பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கே கேட்கும்.

தஞ்சாவூரில் விதைப் பரிசோதனை வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். வயது ஐம்பத்திரண்டு. ஊர் மன்னார்குடிப் பக்கம். வேளாண் கல்லூரி விடுதியில், மிசோரமிலிருந்து வந்த அறைத்தோழி போட்ட ஒரு கேசட்டில் தொற்றியது இந்த ராக் இசைப் பைத்தியம். "ஒரு வார்த்தை புரியல. ஆனா டிரம்ஸ் அடிச்சதும் பரீட்சை பயம் போயிடுச்சு" என்பார்.

அதிலும் மேடையில் பாடும்போதே பதிந்த தட்டு என்றால் தனி மரியாதை. "ஸ்டூடியோல பத்து தடவ பாடி, நல்லத எடுத்து ஒட்டிப்பாங்க. மேடையில ஒரே தடவதான். வந்தா வந்துச்சு, போனா போச்சு." இப்படிப்பட்ட ரசிகர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் போடுவார்: 'முளைக்கும்' அல்லது 'பதர்'.

அந்தக் குழுவில் கும்பகோணத்து ஜெக்கரியாவும் உண்டு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவர் வீட்டைக் காலி செய்து மகள் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியிருந்தது. நாற்பது இசைத்தட்டுகளுக்கு அங்கே இடமில்லை. அமிர்தத்திடம் யோசனை கேட்டார். எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஓர் ஆங்கிலக் குழுவின் மேடைக் கச்சேரி, பதினெட்டுப் பாட்டு, ஜெக்கரியாவிடம் இல்லாதது. "எல்லாத்தையும் குடுத்துட்டு இந்த ஒண்ண வாங்குங்க சார். போதும்" என்று எழுதினார் அமிர்தம். ஜெக்கரியா நாற்பதையும் ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை வரவழைத்துக்கொண்டார்.

அந்தக் கச்சேரியை அந்நாளில் பதிவு செய்தவர், இந்தத் தையில், தள்ளாத வயதில் ஒரு பேட்டி கொடுத்தார். பதினேழு பாட்டுகளுக்குக் குரலை ஸ்டூடியோவில் திரும்பப் பாடி ஒட்டினார்களாம். கைதட்டல்கூட வேறெங்கோ எடுத்ததாம். கடைசிப் பாட்டு மட்டும்தான் மேடையில் பாடியது பாடியபடி.

அதைப் படித்த அன்று மத்தியானம் அமிர்தம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"எவனோ பண்ணின தப்புக்கு நீங்க என்னக்கா செய்வீங்க?" என்றேன்.

"முளைக்கும்னு சொன்னது நான்ல."

போனில் சொல்லலாமே என்றதற்கு, "மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெக்கரியாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். பேருந்து பாபநாசம் தாண்டியது. இருபுறமும் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கே அறுப்பு என்றாலும் என்ன ரகம் என்று சொல்லிக்கொண்டே வருகிற அமிர்தம், அன்று கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாடியறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலோரம் ரெக்கார்டு பிளேயர். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார் ஜெக்கரியா. அமிர்தம் உட்காரவில்லை. நின்றபடியே பேட்டியில் வந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "என்னை நம்பி எல்லாத்தையும் குடுத்துட்டீங்க. நான் சரியாக் கேக்காம சொல்லிட்டேன் சார்."

"எனக்குத் தெரியுமேம்மா."

"பேட்டி படிச்சீங்களா?"

"அதெல்லாம் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் பிளாட்பாரத்துல கூட்டத்தக் கேட்டவன். ஒரு தடவ இரைஞ்ச மாதிரி மறுதடவ இரையாது. இதுல பாட்டுக்குப் பாட்டு அதே இரைச்சல். வந்த வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. அதான்."

அமிர்தத்துக்கு அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பதினெட்டுல ஒண்ணு. எங்க கணக்குல இது ஃபெயில் சார். நான் வாங்கச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் என்ன வெதைக்கவா போறேன்? கேக்கத்தானே போறேன்" என்று சிரித்தார் ஜெக்கரியா. "அந்த ஒண்ணத்தான் தினம் போடுறேன். கேட்டுட்டுப் போங்க."

கடைசிப் பாட்டு. பாடகர் உச்சத்துக்கு எட்டிப் பார்க்கிறார், குரல் உடைகிறது. ஒரு மூச்சு நேரம் வாத்தியங்கள் மட்டும். பிறகு கீழே இறங்கி, முரட்டுத் தொண்டையிலேயே பாடி முடிக்கிறார். கூட்டம் உடனே கைதட்டவில்லை. யாரோ ஒருவர் தொடங்கி, ஒழுங்கில்லாமல், மெல்ல மெல்லத்தான் அது பெரிதாகிறது. அமிர்தம் எப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்து முள் வெறுமனே உராய்ந்தது. ஜெக்கரியா முழங்காலில் கையூன்றி எழப் பார்த்தார். அதற்குள் அமிர்தம் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, தட்டின் கோடுகளைக் குனிந்து பார்த்து, அந்தப் பாட்டு தொடங்கும் இடத்தில் மறுபடி வைத்தார்.