எல்லார் வீட்டுக் கொப்பும்

மைனோவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், சும்மா நிற்பாள். அப்படி நிற்பதைப் பார்த்தாலே எதிரில் இருப்பவர் ஓரடி பின்னால் போவார். வாரச்சந்தையில் சால இலைத் தட்டு தைத்து விற்கிறாளே, குட்டையாக, காதோரம் நரைத்து, யாருக்கும் விலை குறைக்காமல், அவளேதான். மைனோ பாஸ்கே. தும்கா பக்கத்து எங்கள் கேந்துவா இன்று ஊராக இருப்பது அவளால்தான் என்று சொன்னால் அவளே என்னை அடிக்க வருவாள். வரட்டும். எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது.

எங்கள் ஊரில் பெரிய குளத்தைச் சுற்றி மூன்று தெருக்கள். வடகரையில் சந்தாலிப் பழங்குடிகள், கிழக்கே மகதோக்களாகிய நாங்கள், தெற்கே அன்சாரி முஸ்லிம்கள். அந்தக் குளத்தில் டங்ரி என்ற சூனியக்காரியை எந்தக் காலத்திலோ அடித்துத் தள்ளினார்களாம். சந்தாலிகளைக் கேட்டால் அவள் மகதோ. எங்களைக் கேட்டால் அவள் சந்தாலி. அன்சாரிகளோ, "அவ உங்க ரெண்டு பேருக்கும் பொது, எங்களை விடுங்கப்பா" என்பார்கள். ஆனால் சாகும்போது அவள் விட்ட சாபம் மூன்று தெருவிலும் ஒரு வார்த்தை மாறாது. "ஒரு நாள் உங்க எல்லார் வீட்டுக் கொப்பும் வாடும். அன்னைக்கு முதல்ல கை ஓங்குறவன் வம்சம் அத்தோட சரி." பிள்ளைகள் அடங்காவிட்டால் எங்கள் அம்மாக்கள் இதைச் சொல்லித்தான் தூங்க வைத்தார்கள். நல்லா தூங்கினோம் போங்கள்.

கொப்பு என்றால் சால மரத்துக் கொப்பு. ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் சூனியம் பார்க்கும் ஜான்குருவை வெளியூரிலிருந்து கூட்டி வருவார்கள். அவன் வீட்டுக்கு ஒரு கொப்பு என்று குளத்தோரச் சேற்றில் வரிசையாகக் காலையில் நட வைப்பான். பொழுது சாய்வதற்குள் எவர் வீட்டுக் கொப்பு வாடுகிறதோ அந்த வீட்டில் இருப்பவள்தான் டாயன், சூனியக்காரி. அதற்குப் பிறகு அவளைப் பார்க்க முடியாது.

எனக்கும் மைனோவுக்கும் பதினைந்து வயதிருக்கும்போது ரசிக் பாஸ்கேயின் பேரன் காய்ச்சலில் போனான். ரசிக், மைனோவுக்குப் பெரியப்பா. அவருடைய கடைசித் தம்பியின் விதவைதான் பாஹா சித்தி. குளத்தையொட்டிய நல்ல வயல் ஒன்று அவள் சாகும்வரை அவள் பேரில் இருந்தது. செத்தால் ரசிக்குக்கு. பேரனை இழந்து அந்த மனிதர் அழுததும் நிஜம், வயல்மேல் அவருக்கு இருந்த கண்ணும் நிஜம். மைனோவுக்கு அம்மா கிடையாது, அப்பா வங்காளத்துச் செங்கல் சூளையில் இருந்தார். சோறு போட்டு, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பியது பாஹா சித்திதான்.

அன்று சந்தை நாள். ஜான்குரு வந்திறங்கி, குளம் பொது என்பதால் எங்கள் தெருவையும் கொப்பு நடச் சொல்லிவிட்டான். அன்சாரிகளை மட்டும் விட்டுவிட்டான். நட்டு முடித்து ஊரே சந்தைக்குப் போயிற்று. என்னை அம்மா நெல் அவிக்கிற அடுப்புக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மைனோ ஓடி வந்தாள். பின்னாலேயே முஸ்தகீம். அன்சாரித் தெருப் பையன், மேட்டைத் தாண்டி எங்களோடு பள்ளிக்கு நடக்கிறவன்.

"சித்தி வீட்டுல ஆம்பள இல்லைன்னு பெரியப்பாதான் கொப்பு வெட்டினாரு" என்றாள் மைனோ. "பன்னி வாட்டுற நெருப்புல அதைக் காட்டிக் காட்டி எடுத்ததை நான் பார்த்தேன் பிந்தியா. சாயங்காலத்துக்குள்ள அது வாடிடும்."

"வேற கொப்பு மாத்தி வச்சிருவோம்" என்றேன்.

"மாத்து" என்றான் முஸ்தகீம். "இன்னைக்கு வாடலைன்னா நாளைக்கு எண்ணெய்ல குறி பார்ப்பான், நாளன்னைக்கு அரிசியில பார்ப்பான். உங்க பெரியப்பா ரெண்டு கோழி கூடக் குடுத்தா எதுல வேணும்னாலும் சித்தி பேரு வரும்."

மூவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். பானையில் நெல் கொதித்தது. மைனோ நின்றாள். நான் சொன்னேனே அந்த நிற்றல், அது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எல்லார் வீட்டுதும் வாடினா?"

நான் அவள் வாயைப் பொத்தினேன். "அடிப்பாவி, அது டங்ரி சாபம்டி! அதை நாமளே போய் எழுப்புறதா?"

"எழுந்தா எழட்டும். எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைக்கிறியா? கொப்பு வாடினா முதல்ல கை ஓங்க எவனுக்குத் துணிச்சல் வரும் சொல்லு."

காவலுக்கு ஜான்குருவின் ஆள் ஒருவன் குளக்கரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஹண்டியா என்கிற அரிசிக் கள்ளைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தோம். முஸ்தகீம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் சாராயத்தைத் தொட மாட்டேன். பாவம் உங்களோட இருக்கட்டும், நான் தண்ணி தூக்குறேன்." ரசிக் பெரியப்பா வீட்டு ஹண்டியாவையே மைனோ ஒரு சொம்பு நிறைய மோந்து வந்து, "பெரியப்பா குடுக்கச் சொன்னாரு மாமா" என்று நீட்டினாள். அந்தக் குடிகாரன் ஆசீர்வாதம் பண்ணி வாங்கிக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்துவிட்டான்.

கொதிக்கிற நெல் தண்ணீரை வடித்து வடித்துத் தூக்கினோம். முஸ்தகீமுக்குக் கை வெந்து கொப்புளம் போட்டது, தூக்குவதை நிறுத்தவில்லை. மைனோ ஊற்றினாள். ஒவ்வொரு கொப்பிலும் அந்தந்த வீட்டு அடையாளம் கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கொப்பில் அம்மாவின் பழைய மஞ்சள் சேலைக் கிழிசல். அதற்கு முன்னால் நின்று மைனோ என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஊத்துடி, என் முகத்தை என்ன பார்க்குற" என்று திட்டினேன். ஊற்றினாள். தன் அப்பா வீட்டுக் கொப்பையும் விடவில்லை.

முடிந்தது என்று திரும்பினால் முஸ்தகீம் சால மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான். ஒரு கொப்பை ஒடித்து வந்து, கழுத்தில் கிடந்த கட்டம்போட்ட துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டி, வரிசையின் கடைசியில் நட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா? உங்களை யாரு நடச் சொன்னா?"

"ரெண்டு தெருவும் வாடி எங்க தெரு மட்டும் வாடாம நின்னா, ராத்திரி யார் வீட்டுக்கு வருவாங்க? யோசிச்சுப் பேசு. ஊத்து மைனோ."

பொழுது சாய்ந்தது. சந்தையிலிருந்து வந்தவர்கள் மூட்டையோடு கரையில் கூடினார்கள். பாஹா சித்தியின் இரண்டு கையையும் பிடித்து ரசிக்கின் ஆட்கள் இழுத்து வந்தார்கள். அவள் மைனோவைத் தேடிக்கொண்டே வந்தாள். ஜான்குரு வரிசையைப் பார்த்தான். முதல் கொப்பு தொங்கியது. இரண்டாவது தொங்கியது. அவன் நடை வேகமானது. கடைசிவரை போய்விட்டுத் திரும்பியபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டத்தில் யாரோ "டங்ரி" என்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடினாள்.

ரசிக் மட்டும் அசையவில்லை. "எந்தக் கொப்பு வாடினா என்ன, என் பேரனைத் தின்னவ இவதான்!" என்று தடியை எடுத்தார்.

மைனோ போய்ச் சித்திக்கு முன்னால் நின்றாள். "அடிங்க பெரியப்பா. முதல்ல நீங்களே கை ஓங்குங்க."

தடி மேலேயே நின்றது. அவருடைய மூத்த மகன் ஓடிவந்து கையைப் பிடித்துத் தொங்கினான். "அப்பா, எனக்கு இன்னும் ஒரு பிள்ளை இருக்குப்பா!"

அப்போதுதான் ஜான்குரு ஒரு கொப்பைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனான். பாவி, மூக்கு அவனுக்கு நல்ல மூக்கு. "இதுல என்னமோ வாசம் வருதே" என்றான். "இலையில நெல்லு அவிச்ச வாசம்!"

எனக்கு உலகமே நின்றுவிட்டது. முஸ்தகீம் கொப்புளம் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு என் அம்மா முன்னால் வந்தாள். கொப்பை வாங்கி முகர்ந்தாள். தன் பானை வாசம் அவளுக்குத் தெரியாதா? மஞ்சள் கிழிசல் கட்டிய எங்கள் கொப்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். "அவதான், அவளேதான்! டங்ரி நெல்லு அவிச்சிட்டு இருக்கும்போதுதான் முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்கன்னு என் மாமியா சொல்லிச் செத்தாளே! அந்த நெல்லு வாசம்டா இது!"

என் பாட்டி அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் கரையில் இருந்த அத்தனை பேரும் அப்படியே தரையில் விழுந்தார்கள். ரசிக்கின் தடி கீழே கிடந்தது. அவர் பேரனின் பெயரைச் சொல்லி விம்மி விம்மி அழுதார், பாஹா சித்திதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜான்குருவுக்குத் திடீரென்று வேறு ஊரில் ஒரு கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. கோழிகளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

முஸ்தகீமின் அப்பா வரிசையின் கடைசியில் நின்று கட்டம்போட்ட துணியையே உற்றுப் பார்த்தார். "இதை யார்ரா நட்டது?"

"நான்தான் அப்பா. நாமளும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம்."

பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு அவன் கையைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் தோளில் கைபோட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். எனக்கு வீட்டில் விளக்குமாற்றுப் பூசை. "அரைவேக்காட்டு நெல்லை என்னடி பண்றது, உன் தலையிலயா கொட்டுறது?" என்று அடித்தபடியே அம்மா அழுதாள்.

சும்மா முடியவில்லை அது. ஊர் முழுக்க டாயன் என்று பேராகி, வெளியூர்க்காரர்கள் எங்களுக்குப் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். நிச்சயமாகியிருந்த என் கல்யாணம் நின்றது. தும்காவில் பஸ் கண்டக்டர் "டாயன் ஊரெல்லாம் இறங்கு" என்பான். மைனோவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருமுறை கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. "ஊரே டாயனா இருந்தா யாரை யாரு அடிக்கிறது? நிம்மதியா இருக்கேன்" என்றாள். அதற்கப்புறம் கேந்துவாவில் யாரும் கொப்பு நட்டதில்லை. பாஹா சித்தி தன் வயல் அரிசியைச் சாப்பிட்டு, தன் கட்டிலில், போன மழைக்காலத்தில் கிழவியாகித்தான் செத்தாள்.

ஒவ்வொரு அறுவடைக்கும் மைனோ கைப்பிடி நெல் அவித்து, சட்டியோடு அந்தக் கரைக்குக் கொண்டுபோய் வைப்பாள். இந்த வருஷம் நானும் போனேன். போன இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கம்மா அளந்த பொய்க்கு நீ வருஷா வருஷம் பூசை பண்றியாக்கும்."

மைனோ சட்டியைச் சேற்றில் பதித்து வைத்தாள். "நெல்லு பொய்தான். டங்ரியை அடிச்சது பொய்யில்லையே" என்றாள். "அந்தக் கூட்டத்துலயும் நம்ம வயசுப் புள்ளைங்க நின்னுருக்கும்ல, பிந்தியா? அவளுக்காகச் சுடுதண்ணி தூக்கிட்டு வர ஒருத்தர்கூட இல்லாம போச்சே."