அடுப்புக்கு நாலு பேர்

2009இல் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். வாடகைப் பத்திரத்தில் நாலு பேர்தான். வீட்டை எடுத்து நடத்திய அண்ணை ஜெர்மனியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். வாசலில் நாலு சோடிச் சப்பாத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. மீட்டர் பார்க்க வருபவர், கவுன்சில்காரர், வேதப் புத்தகத்தோடு வருபவர், யார் கேட்டாலும் பதில் நாலு. உண்மை தெரிந்தால் அத்தனை பேரும் ஒரே நாளில் தெருவில். நான் தெருவில் இருந்திருக்கிறேன். பாரிஸில் ஒரு மாதம், வார்சோவில் ஐந்து நாள். செத்துப் போக மாட்டோம், முதுகு நோகும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

காலை ஐந்து மணி ஷிப்ட்டில் ஒரு கல்லூரியைத் துப்புரவு செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கல்லூரிக்குள் போக அது ஒரு வழி. மூன்றாம் மாடியில் ஓர் அறையில் விடியவே விளக்கு எரியும். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. சின்ன வயதில் இங்கே வந்து, படித்து, டொக்டர் பட்டம் வாங்கியவர். அவர் அறைச் சுவரில் ஒரு பழைய வரைபடம், அதில் நிறையக் கறுப்புப் புள்ளிகள்.

"என்னக்கா, அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு?"

"அடுப்புகள், தம்பி. ஜமைக்காவிலை கரும்புத் தோட்டத்து அடிமைகள் தப்பியோடி மலைக்குள்ளை ஊர் கட்டினவை. பிடிக்கப் போன பட்டாளத்தான் தூர நிண்டு பாத்து அடுப்புகளை எண்ணிக் குறிச்சு வைச்சிருக்கிறான்."

அடுப்பை வைத்து ஆட்களைக் கணக்கிடுவது அக்காவின் ஆராய்ச்சி. அவருடைய துறைத் தலைவர், அது ஊரே இல்லை, நாலைந்து கள்ளர் கும்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் ஒரு கூட்டத்தில் அக்கா அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"எங்கட சனம் இந்தப் பாடு படேக்கை நீங்கள் ஏன் ஜமைக்காவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன். வைகாசியில் ஊரில் போர் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"அதை எழுதப் போனால் ஒரு வரிக்கு மேலை போகுதில்லை. இதெண்டால் எழுதலாம்" என்றார். நான் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டேன்.

"அடுப்புக்கு அஞ்சு பேர் எண்டு போட்டிருக்கிறன்" என்றார் பிறகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கிறீர்? உம்மட வீட்டிலை ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்?"

"நாலு." வாய் தானாகச் சொன்னது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "மோர்டனிலை எங்கட ஆக்களின்ரை வீடுகளிலை கேட்டன், ஃபாரஸ்ட் கேட் பக்கமும் கேட்டன். ஒளிச்சு மறைச்சு இருக்கிற ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு ஒப்பிட்டுப் பாக்கத்தான். எல்லாரும் மூண்டு, நாலு எண்டுதான் சொல்லினம். அப்ப நான் போட்ட அஞ்சே கூட."

கையில் துடைப்பத்தோடு நின்றேன். லண்டன் தமிழர் முழுப்பேரும் சேர்ந்து ஜமைக்கா மலையில் இருந்த சனத்தைக் குறைத்துவிட்டோம்.

உண்மையைச் சொல்லவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாங்கோ என்று கூப்பிட்டுவிட்டேன்.

"விசரா, வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ உனக்கு?" என்றார் அண்ணை. ஆனால் படித்த பிள்ளை, கூப்பிட்டாயிற்று, வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏழு பேரைப் பார்க்குக்கு அனுப்பினார். மூன்று மணிவரை வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது.

அக்கா வந்தார். நாலு சோடிச் சப்பாத்து, நாலு கோப்பை, எல்லாம் சரி. தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனவர் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார். குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய பானை.

"இது நாலு பேருக்கோ?"

"நாங்கள் கொஞ்சம் நல்லாச் சாப்பிடுவம்" என்றார் அண்ணை. எங்களில் ஆக மெலிந்தவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பின்கதவு திறந்தது.

"வணக்கம் அக்கா. நான் பக்கத்து வீடு" என்றான் முதலில் வந்தவன், சொட்டச் சொட்ட.

"நானும் பக்கத்து வீடுதான்" என்றான் அடுத்தவன்.

மூன்றாமவன் நேரே மாடிக்குப் போய்த் தன் துவாயை எடுத்துத் தலை துவட்டிக்கொண்டு இறங்கி வந்தான். மற்ற நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். அக்கா பேனாவைத் திறந்தார்.

"பிள்ளை, எழுதாதேங்கோ. இது வெளியாலை போனால் இவ்வளவு பேரும் ரோட்டிலை" என்றார் அண்ணை. அவர் அப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை.

அக்கா பேனாவை மூடினார். சாப்பிட்டுக்கொண்டே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "மலைக்குள்ளை நீங்கள் இருந்து, பட்டாளம் தேடி வந்திருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அவ்வளவுதான், வீடே சந்தையாகிவிட்டது.

"பகல்லை அடுப்பே மூட்டமாட்டன்."

"ஊருக்கே ஒரு அடுப்பு. நடுவிலை பெரிய பானை."

"நானெண்டால் ஆளில்லாத இடமெல்லாம் மூட்டி விடுவன். கன சனமெண்டு அவன் பயந்து ஓடட்டும்."

"நீ முதல் ஒழுங்கா முட்டை பொரி, பிறகு காட்டிலை அடுப்பு மூட்டலாம்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அப்ப அந்தப் பட்டாளத்தான் எண்ணினது மலைச் சனம் காட்ட விரும்பின அடுப்புகளை மட்டும்" என்று தனக்குள் சொன்னார்.

கூட்டத்தன்று தேநீர் வண்டி தள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானும் அங்கே நின்றேன். அக்கா பேசினார். அந்த வரைபடம் ஆட்களைக் காட்டவில்லை, ஆட்கள் தங்களை எப்படி ஒளித்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது, அப்படி ஒத்து ஒளிக்க ஒரு கும்பலால் முடியாது, ஊரால்தான் முடியும் என்றார். துறைத் தலைவர் எழுந்தார். சுவாரசியமான எண்ணம்தான், ஆனால் இதற்கு ஆதாரம் எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்றார்.

அக்கா என் பக்கம் பார்த்தார். நான் வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினேன்.

"சொல்ல முடியாது" என்றார் ஆங்கிலத்தில். முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் பதினொரு பேரும் அந்த வீட்டில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தோம்.