நாய் இல்லை, விளக்கு

ஆரெண்ட் கரையில் வளர்ந்தவன் அல்ல. அவனுடைய பெற்றோர் ஜெர்மனியின் வேசர் நதியில் சரக்குப் படகு ஓட்டினார்கள். நிலக்கரி இறக்கும் ஊரில் ஒரு பள்ளிக்கூடம், கோதுமை ஏற்றும் ஊரில் இன்னொன்று என்று அவன் மாறி மாறிப் போய் உட்கார்ந்தான். எங்கே போனாலும் கடைசி பெஞ்சுதான். சீக்கிரமே கிளம்பிவிடப் போகிற பையனுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள். படிப்பு முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியபோது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அந்த நதிக்கரையிலிருக்கும் நீன்பர்க் ஊரில் தெருவுக்குக் கல் பதிக்கும் வேலை கிடைத்தது. நேர்த்தியான வேலைக்காரன். ஆனால் மேஸ்திரி ஆக்குகிறோம் என்று சொன்னபோதெல்லாம் முதுகு வலி என்று நழுவினான். அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டி வந்தால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போவான். உணவகத்தில் பக்கத்திலிருப்பவர் கேட்டதையே தனக்கும் கேட்பான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி இம்கே. அவளும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மகள் மெரெட் பிறந்த பிறகு அவனுக்கு ஒரு ராஜ்யம் கிடைத்தது. எழுத்தே இல்லாத, பக்கம் கொள்ளாமல் ஆட்கள் நெரிசலாக நிற்கும் பெரிய படப் புத்தகங்கள். சந்தை, ரயில் நிலையம், துறைமுகம். ரொட்டியும் சாஸேஜும் தின்று முடித்ததும் இருவரும் சமையலறை மேசையில் புத்தகத்தின் மேல் கவிழ்ந்துவிடுவார்கள்.

"அந்தத் தொப்பிக்காரன் எங்கடி போயிட்டான்?"

"மீன்கடைக்குப் பின்னாடி."

"அங்க ஏன் ஒளிஞ்சிருக்கான்?"

"பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கக் கூடாதுன்னு."

ஆட்களுக்குப் பெயர் வைத்து, சண்டை மூட்டிக் கல்யாணமும் செய்து வைத்தான் ஆரெண்ட். உலகத்திலேயே நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் தன் அப்பாதான் என்று மெரெட் நம்பினாள்.

அவள் முதல் வகுப்பில் சேர்ந்த இலையுதிர் காலத்தில் புதிதாக ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அதே மாதிரி நெரிசலான படம்தான். ஆனால் கீழே பெரிய எழுத்தில் சொற்கள் இருந்தன. சொல்லைப் படித்து, அந்தப் பொருளைப் படத்தில் தேட வேண்டும்.

"நீ படிச்சுச் சொல்லுப்பா. நான் தேடறேன்."

"கண்ணாடியை வேலை நடக்கிற இடத்துல விட்டுட்டேன்."

"உன் சட்டைப் பையிலதான் இருக்கு."

ஆரெண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். படத்தின் ஓரத்தில் ஒரு நாய் சாஸேஜைக் கவ்விக்கொண்டு ஓடியது. "நாயைத் தேடுன்னு போட்டிருக்கு" என்றான்.

மெரெட் தேடவில்லை. சொல்லின் மேல் விரலை வைத்தாள். "நாய்னா ஹுண்ட், முதல்ல ஹெச் வரணுமே. இது எல். லா... லாம்ப்... லாம்பெ. விளக்குப்பா, நாய் இல்ல."

அவன் எழுந்து சைக்கிள் கொட்டகைக்குப் போனான். சரியாக இருந்த சங்கிலிக்கு எண்ணெய் போட்டான். திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, மெரெட்."

அவள் புத்தகத்தை மூடினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்கிட்ட மட்டும்தான் சொல்லல."

இரவு உணவின்போது அவள் தட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் போய் உட்கார்ந்தாள். மறுநாள் மாலை அவளே புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். "நான் படிக்கிறேன். நீ தேடு. பொய் சொல்லாம தேடு."

குளிர்காலம் அப்படிப் போனது; அவள் விரல் வைத்த எழுத்துகளை அவனும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டான். வசந்தம் வந்தபோது மெரெட்டுக்கு அந்தப் புத்தகம் சலித்துவிட்டது. நூலகத்திலிருந்து கனமான கதைப் புத்தகங்கள் வந்தன. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஆரெண்ட் மட்டும் மேசையில் தனியாகச் சொல்லில் விரல் வைத்து, சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்தைத் தேடற?" என்றாள் இம்கே, கோட்டைக் கழற்றியபடி.

"குடையை. கிடைச்சிருச்சு. ஆனா சொல்லு பாதிதான் வருது."

"இதுக்குன்னு பெரியவங்களுக்கு வகுப்பு இருக்கு, ஆரெண்ட். அடுத்த ஊர்லதான். அங்க உன்னை யாருக்கும் தெரியாது."

அங்கே போய்க் கதவைத் திறந்தால், முதல் நாற்காலியில் அவன் வாராவாரம் சாஸேஜ் வாங்கும் இறைச்சிக் கடைக்காரி கேர்டா உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களா?" என்றான்.

"நீங்களா?" என்றாள் அவளும். "விலை அட்டையெல்லாம் என் வீட்டுக்காரர் எழுதறது. கறியைப் பார்த்தாத்தான் எனக்கு எது எதுன்னு தெரியும். வெளிய சொன்னீங்க, இனிமே உங்களுக்கு வெறும் எலும்புதான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பயத்தோடு படியேறி வந்தது மறந்தே போனது.

மகளின் படப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோனபோது முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் ஆசிரியை ரோஸ்விதா அதை நடுமேசையில் விரித்ததும் லாரி ஓட்டுநர் ஒருவர், கேர்டா, இன்னும் சிலர் எல்லாரும் தலையை உள்ளே விட்டார்கள். கொக்கு எங்கே என்று பெரிய சண்டையே நடந்தது.

அவன் வேகமாகப் படிக்கிறவனாக ஆகவில்லை. நீண்ட சொல் வந்தால் இன்றும் உதடு அசையும். மேஸ்திரி வேலையும் வேண்டாம் என்றே இருந்துவிட்டான். கால்பந்துச் செய்தியும் மருந்துச் சீட்டும் தானே படித்தான், அது போதும் என்று இருந்தது.

மெரெட்டுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் காய்ச்சல் வந்தது. இம்கே வேலைக்குப் போயிருந்தாள். பிற்பகல் வெயில் படுக்கையில் விழுந்திருந்தது.

"கண்ணு எரியுதுப்பா. இதைப் படிக்கிறியா?" ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினாள்.

அதில் படமே இல்லை. சரிபார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆரெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். ஒரு பெண்ணின் குதிரை காணாமல் போய்விட்ட கதை. சில இடத்தில் தடுக்கினான். "அது அப்படி இல்ல" என்று கண்ணை மூடியபடி அவள் திருத்தினாள். பிறகு திருத்துவது நின்றது. மூச்சு சீரானது. தூங்கிவிட்டாள்.

அவன் புத்தகத்தை மூடவில்லை. இம்கே வந்து வாசலில் நின்று, "தூங்கிட்டாளா?" என்று மெல்லக் கேட்டாள்.

தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் உயர்த்தினான்.

"கொஞ்சம் இரு. அந்தக் குதிரை கிடைச்சுதான்னு பார்த்துட்டு வரேன்."