தெருமுனை வரைக்கும் சைக்கிள்

அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "என் நிறத்தப் பாத்துட்டு, அதுவும் பொம்பளைன்னுட்டு, ஒரு நோயாளி வேற டாக்டர் கேட்டாரும்மா. பொறவு மூச்சுத் திணறவும் என்னையத்தான் கூப்பிட்டாரு."

ராஜபாளையத்தில் என் வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அம்மா நர்ஸ். எங்க ஊர் மேலத்தெருவில் அப்போதெல்லாம் எங்க சாதிக்காரர்கள் சைக்கிளை உருட்டித்தான் போகணும். ஒருநாள் அந்தத் தெருக்காரர் ஒருவர், மனைவிக்குப் பிரசவ வலி என்று ஓடிவந்தார். மருந்துப் பையோடு என்னைக் கேரியரில் வைத்து மிதித்த அம்மா, தெருமுனையில் வழக்கம்போல் இறங்கினாள்.

"ஏறி வாம்மா, சீக்கிரம்!"

"இன்னைக்கு மட்டுமா ஐயா?"

அவர் தலைகுனிந்தபடி முன்னே ஓடினார். அம்மா ஏறி மிதித்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. கிளம்பும்போது அவர் கைகூப்பினார். பிறகு சைக்கிளைத் தானே தெருமுனை வரை உருட்டிவந்து, அங்கேதான் அம்மா கையில் கொடுத்தார்.

"அந்த ஆளு பொழச்சிட்டாரா?" என்றேன் மகளிடம்.

"பொழச்சிட்டாரு. கையப் பிடிச்சு நன்றி சொன்னாரும்மா. நாளைக்கு வேற டாக்டர் வேணுமாம்."